சிவப்பில் எழுதவேண்டிய பெயர்

யுனோகி ரயில் நிலையத்துக்கு எதிரே, சைக்கிள் கடைக்கும் பல் மருத்துவருக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு நின்ற சலவைக்கடை ஸுதேயுடையது. யாராவது கோட்டோ பட்டுக் கிமோனோவோ கொண்டுவந்தால், ஒரு சின்னக் காகித வில்லையில் அவர்கள் பெயரை எழுதி, கழுத்துப் பட்டியில் குத்தி உள்ளே அனுப்புவாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதே வேலை. அதனால் ஊரில் பெண்களின் பெயர்கள் எந்தக் காலத்தில் எப்படி மாறின என்பதை அவள் யாரிடமும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. கை எழுதி எழுதியே அறிந்துகொண்டது.

கடைக்கு அவள் வந்த புதிதில் வயதான பெண்களின் பெயர்கள் எல்லாம் கிகு, ஹாரு, தோமே, ஸுவே என்று குட்டையாக இருந்தன. எழுதத் தொடங்குவதற்குள் முடிந்துவிடும். கிகு என்றால் சாமந்தி. ஹாரு என்றால் வசந்தம். தோமே என்றால் 'நிறுத்து'. வரிசையாகப் பிள்ளை பெற்றுச் சலித்தவர்கள் வைத்தது. பிறகு பெயர்களுக்கெல்லாம் 'கோ' என்று ஒரு வால் முளைத்தது. யோஷிகோ, கஸுகோ, சச்சிகோ. ஒரு காலத்தில் பெரிய இடத்துப் பெண்களுக்கு மட்டுமே இருந்த வால். ஸுதே பிறந்த சமயத்தில் உழவர் வீட்டுக் கைக்குழந்தைகளுக்கும் அது வந்து சேர்ந்துவிட்டது. இப்போதோ அந்த வாலும் உதிர்ந்து, மிசாகி, மோயே, ஹோனோகா என்று பாட்டு மாதிரிப் பெயர்கள். பெற்றவர்களிடமே எப்படிப் படிப்பது என்று கேட்டுத்தான் எழுதவேண்டியிருக்கிறது.

இத்தனை பெயர் எழுதியவள் 'ஸுதே' என்று ஒரு வில்லைகூட எழுதியதில்லை. அந்தப் பெயரில் வாடிக்கையாளர் யாரும் வரவில்லை. தன் துணியைத் தானே துவைத்துக்கொள்கிறவளுக்கு வில்லை எதற்கு?

ஸுதே என்றால் எறிந்தது. வேண்டாமென்று விட்டுவிட்டுப் போனது. நம் பக்கத்துக் குப்பம்மாள்களிடமும் பிச்சையம்மாள்களிடமும் சொன்னால் சட்டென்று புரிந்துகொள்வார்கள். யுனோகியின் இளவட்டங்களுக்குப் புரியாது. போன மாதம் மருத்துவமனையில் புதிதாக வந்த தாதிப்பெண் சீட்டைப் பார்த்து, குடும்பப் பெயரில் தொடங்கி, "நெஸு... நெஸு ஸு..." என்று நிறுத்தி, இப்படியும் ஒரு பெயர் இருக்குமா என்ற சந்தேகத்தோடு இன்னொரு தடவை பார்த்துவிட்டு, பாதிக் குரலில் "ஸுதே-சான்?" என்றாள். காத்திருந்தவர்கள் எல்லாரும் தலை தூக்கினார்கள். ஸுதே எழுந்து, எதிரில் இருந்த மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள். அறுபது வயதைத் தாண்டியவளுக்குக் கன்னம் சுட்டது.

அந்த வசந்தத்தில்தான் அவள் புருஷன் கோஸோ இறந்திருந்தான். நல்ல மனிதன். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். ஆனால் கல்யாணமான நாள் முதல் அவளை "ஏய்" என்றுதான் கூப்பிட்டான். தேநீர் வேண்டுமென்றாலும் ஏய், பூகம்பம் வந்தாலும் ஏய். ஊரில் மற்றப் புருஷர்களும் அப்படித்தான் என்பதால் அவள் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

கல்லறைக் கல்லில் பெயர் வெட்டுகிற தாமோட்சு ஜூலை மாதத்தில் ஒரு நாள் கடைக்கு வந்தான். நாற்பது வயதுக்காரன். அவன் சட்டைகளில் இருக்கும் கல்தூசியைக் கடைப் பின்கட்டில் தட்டிவிட்டுத்தான் இயந்திரத்தில் போட முடியும்.

"அக்கா, மாமாவோட கல்லு முடிஞ்ச மாதிரிதான். செத்தவங்கல்லாம் வீட்டுக்கு வர்ற நாளுக்குள்ள நிறுத்திரணும்னு கோயில் சாமியார் பிடுங்கி எடுக்கறாரு. உங்க பேரு மட்டுந்தான் பாக்கி."

அந்த ஊரில் புருஷன் பெயருக்குப் பக்கத்தில் பெண்டாட்டி பெயரையும் அப்போதே வெட்டிவிடுவார்கள். அவள் உயிரோடு இருக்கிறவரை அந்த எழுத்தில் சிவப்பு மை இருக்கும். அவளும் போன பிறகு சிவப்பைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். கல்லறைக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் தன் பெயரைச் சிவப்பில் படித்துவிட்டு வருவது அங்கே விதவைகளுக்குப் பழகிப்போன விஷயம்.

"பதிவுல இருக்கற மாதிரியே போட்டுரட்டுமா?" என்றான் தாமோட்சு.

"போடாத."

"என்னக்கா?"

"வேற பேரு வெட்ட முடியுமா?"

"கல்லு என்ன எதிர்த்தா பேசப்போகுது? எங்க சித்தி ஒருத்தி, சினிமாக்காரி பேர வெட்டச் சொன்னா. வெட்டிக் குடுத்தேன். சித்தப்பாதான் கல்லுக்குள்ள யாருடா இதுன்னு முழிச்சிக்கிட்டிருப்பாரு." சிரித்துவிட்டு, அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான். "என்ன பேருன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"எனக்கே தெரியாது. கேட்டுட்டு வந்து சொல்றேன்."

தாமோட்சு தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

அவளுக்கு ஏன் தெரியாது என்பதைச் சொல்லவேண்டும்.

ஸுதே பிறந்தது யுனோகிக்கு மேலே, மலையிடுக்கில் இருக்கும் ஒகுசாவா கிராமத்தில். அவள் பிறந்த வருஷம் அப்பாவுக்கு நாற்பத்திரண்டு வயது. ஆணுக்கு அது கண்டமான வயது. அந்த வருஷம் பிறக்கும் குழந்தை அப்பனையும் விழுங்கும், தானும் தங்காது என்பார்கள். அவளுக்கு முன் பிறந்தவர்கள் இரண்டு பேரும் தங்கவில்லை. அதனால் விதியை ஏமாற்ற அங்கே ஒரு வழி வைத்திருந்தார்கள். பெயர் வைக்கிறதற்கு முன்னால் குழந்தையை முறத்தில் வைத்து நாற்சந்தியில் விட்டுவிட்டு, அப்பன்காரன் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிடவேண்டும். முன்பே சொல்லிவைத்த பக்கத்து வீட்டுக்காரி துடைப்பத்தோடு போய், குப்பையைக் கூட்டுகிற மாதிரி கூட்டி, "அடப் பாவமே, யாரோ எறிஞ்சுட்டுப் போன பிள்ளை" என்று சத்தமாகச் சொல்லி எடுத்துக்கொண்டு வருவாள். வாசலில் நின்று, "வழியில கெடந்துச்சு, வளக்கறீங்களா?" என்று கேட்பாள். பெற்றவர்கள், "சரி, வந்தது வந்துச்சு, இருந்துட்டுப் போகட்டும்" என்று வேண்டாவெறுப்பாக வாங்கிக்கொள்வார்கள். அதற்குப் பின் அது அந்த வீட்டுப் பிள்ளை இல்லை. கண்டம் யாரைத் தேடும்? எடுத்தவள்தான் பெயர் வைக்கவேண்டும். வாழ்நாள் முழுக்க அவள் அந்தப் பிள்ளைக்கு இன்னொரு அம்மா. புது வருஷத்தன்று பிள்ளை அரிசிப் பணியாரத்தைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போகும். அவள் வயிறு நிறையச் சோறு போட்டு அனுப்புவாள்.

ஒகுசாவாவில் இப்படி எறிந்து எடுத்த பிள்ளைகளுக்கு 'ஹிரோ' என்று வைப்பார்கள். எடுத்தது, கண்டெடுத்தது என்று பொருள். ஸுதேயோடு பள்ளியில் படித்த ஹிரோகிச்சி அப்படி எடுக்கப்பட்டவன்தான். அவளுக்கு மட்டும் 'எறிந்தது' என்று பெயர். எடுத்த பிறகும் எறிந்ததாகவே இருந்தாள்.

காரணம் என்று ஊர் சொன்னது இதுதான். அன்று எடுக்கவேண்டியவள் ஓமாசு. கிளம்புகிற நேரம் அவள் வீட்டுப் பட்டுப்புழுக்கள் பசியில் முசுக்கொட்டை இலை கேட்டுக்கொண்டிருந்தன. கொஞ்சம் போட்டுவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தாள். துடைப்பத்தோடு அவள் போய்ச் சேர்ந்தபோது நாற்சந்தியில் வெறும் முறம் கிடந்தது. கடற்கரைப் பக்கத்திலிருந்து வருஷா வருஷம் வயிற்றுவலி மருந்து விற்க வரும் பெண்களில் ஒருத்தி, கருநீல உடையும் முதுகில் கறுப்பு மூட்டையுமாகத் தனியே வந்தவள், குழந்தையை உண்மையாகவே யாரோ போட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்து எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள். ஆட்கள் ஓடி, கணவாய் அடிவாரத்தில் அவளைப் பிடித்து, விஷயத்தைச் சொல்லிக் குழந்தையை வாங்கிக்கொண்டு வந்தார்கள். அந்தக் களேபரத்தில் வாய்க்கு வந்த பெயரை வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

இது ஒகுசாவாவின் ஆஸ்தான நகைச்சுவை. எந்த விசேஷத்திலும் அரிசி மது இரண்டு சுற்று வந்ததும் யாராவது எடுத்துவிடுவார்கள். அதிலும் அன்று மருந்துக்காரியைத் துரத்தி ஓடியவர்களில் ஒருவனான யாசுகே சொன்னால் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். ஓமாசு வெறும் முறத்தை நாற்சந்தியில் கூட்டிக்கொண்டு நின்றதை எழுந்து நடித்தே காட்டுவான். ஸுதேயின் கல்யாணத்திலும் காட்டினான். "அன்னிக்கு நான் மட்டும் ஓடலேன்னா, பொண்ணு இன்னிக்கி கடல்ல நத்தை பொறுக்கிக்கிட்டிருப்பா. மாப்பிள்ள எனக்குத்தான் கும்பிடு போடணும்!" என்று அவன் முடித்தபோது, வெள்ளைத் தலைச்சீலைக்குக் கீழே மணப்பெண் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அன்றோடு யாசுகேயிடம் பேசுவதை விட்டுவிட்டாள்.

எல்லாரும் சிரித்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்ததே இல்லை. சிறுமியாக இருந்தபோதே அவள் அந்தக் கதையில் ஒரு விஷயத்தைத்தான் கேட்டாள். ஒருத்தி அவளை எடுத்துக்கொண்டு நடந்திருக்கிறாள். பேசிவைக்காமல், சடங்கு என்று தெரியாமல், அழுகிற குழந்தை வேண்டும் என்று எடுத்திருக்கிறாள். பெற்றவர்கள் வேண்டாவெறுப்பாக நடித்து வாங்கிக்கொண்டார்கள். அவள் மட்டும் நடிக்கவில்லை.

புது வருஷத்தன்று மற்றவர்கள் தங்கள் இன்னொரு அம்மா வீட்டுக்குப் பணியாரம் தூக்கிக்கொண்டு போகும்போது, ஸுதேயின் அம்மா அவள் கையிலும் ஒன்றைக் கொடுத்து நாற்சந்தியில் வைத்துவிட்டு வரச் சொல்வாள். வேறு எங்கே கொண்டு போவது? காக்கை தின்றது. கோடை வந்தால் ஸுதே சாலை வளைவில் போய் நிற்பாள். கருநீல உடையில் பெண்கள் மூட்டையோடு ஏறி வருவார்கள். ஒவ்வொருத்தி முகத்தையும் பார்ப்பாள். ஒரு தடவை தைரியம் வந்து, "என்னைய எடுத்தது நீங்களா?" என்று கேட்டும்விட்டாள். அந்தப் பெண் குனிந்து அவள் மூக்கைத் துடைத்துவிட்டு, "நான் இல்லடா கண்ணு" என்றாள். பிறகு போர் வந்தது. மருந்துக்காரிகள் வருவது குறைந்து, நின்றுபோனது.

அப்பா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "குட்டி" என்பார். அல்லது கையைத் தட்டுவார். தானே வைத்த பெயர் தன் வாய்க்கே பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள். அம்மா கூப்பிடுவாள், சுவருக்குக் கேட்டுவிடும் என்கிற மாதிரி மெல்ல.

கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து, கோஸோவிடம் துணிச் சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, ரயிலேறிக் கடற்கரைக்குப் போனாள். தன்னை எடுத்தவளைத் தேடிப்போக ஸுதேயிடம் என்ன இருந்தது? பெயர் தெரியாது, முகம் தெரியாது. வலை உலர்த்திக்கொண்டிருந்த வயதான பெண்களிடம் கேட்டாள். "மருந்து மூட்டையா? இந்த ஊர்ல தூக்காத பொம்பள யாரு? அதோ அவ தூக்கினா, நான் தூக்கினேன், செத்துப்போன என் நாத்தனா தூக்கினா. இதுல எந்த அம்மா வேணும் உனக்கு?" என்று சிரித்தார்கள். ஒரு காய்ந்த மீனைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கவிழ்த்தபோது மணல் கொட்டியது. அதைக் கூட்டித் தள்ள மனம் வராமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஒரு நினைப்பு உறுதியாக இருந்தது. கைக்குழந்தையை மாரோடு சேர்த்துக்கொண்டு மலைப்பாதையில் நடக்கிறவள் வாயை மூடிக்கொண்டா நடந்திருப்பாள்? ஏதாவது சொல்லிக் கூப்பிட்டிருப்பாள். தன்னுடையது என்று நினைத்த பிள்ளைக்கு ஒரு பெயர் வைத்திருப்பாள். ஒரு பகலாவது தனக்கு வேறொரு பெயர் இருந்திருக்கிறது. அது என்ன? ஹானாவோ, மியோவோ, எதுவாக இருந்தாலும், அதைத்தான் கல்லில் வெட்டவேண்டும். காலம் முழுக்க எறிந்தது என்று சுமந்தாகிவிட்டது. செத்த பிறகும் கல்லில் அப்படியே கிடக்கவேண்டுமா?

அன்று ஓடியவர்களில் உயிரோடு இருப்பது யாசுகே ஒருவன்தான்.

பயற்று இனிப்புப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு, மறுநாள் பேருந்தேறி ஒகுசாவா போனாள். யாசுகே வீட்டில் இல்லை, ஆப்பிள் தோட்டத்தில் இருந்தான். எண்பது கடந்தும் ஏணிமேல் நின்று, நெருங்கிக் காய்த்த பிஞ்சுகளைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். கீழே பச்சைப் பிஞ்சுகள் இறைந்து கிடந்தன.

"யாரது? சலவைக்காரியா?" ஏணியிலிருந்தே குரல் கொடுத்தான். "மலை இடம் மாறிப் போச்சா என்ன? என்னப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு எதிர்ப்பக்கம் போறவளாச்சே நீ!"

"இனிப்பு கொண்டாந்திருக்கேன் அண்ணே. எறங்குங்க."

"இனிப்புன்னா எறங்குறேன். மன்னிப்புன்னா மேலயே இருக்கேன்."

ஸுதேக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கோபத்தைக் காப்பாற்றிக்கொள்ளத் தோட்டத்து மூலையைப் பார்த்தாள்.

பழைய கூடைகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்கள். யாசுகே இரண்டு இனிப்பு தின்று முடித்தான். பிறகு கேட்டாள்.

"அண்ணே, அன்னிக்கு நீங்க அந்த மருந்துக்காரியப் பிடிச்சப்போ, அவ என்னைய என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டிருந்தா?"

யாசுகே மெல்லுவதை நிறுத்தினான்.

"இப்ப எதுக்கு அது?"

"கல்லுல என் பேரு வெட்டணும். அவ வெச்ச பேரா வெட்டலாம்னு பாக்கறேன். நீங்க கேட்டிருப்பீங்க. கதைய அத்தன தடவ சொன்னீங்களே, அத ஒரு தடவகூடச் சொல்லலியே."

அவன் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"கத பூரா சொன்னது கிடையாதும்மா. சிரிக்கற பாதியத்தான் சொன்னேன்."

"மீதி?"

"உங்கப்பா சொல்லக் கூடாதுன்னாரு. கால்ல விழாத குறை. அவரும் போயி எத்தன காலமாச்சு. உங்கம்மாவும் போயாச்சு." இன்னொரு இனிப்பை எடுத்தான், தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டான். "நாங்க போனப்ப அவ எதுவும் பேசிக்கிட்டிருக்கல. கணவாய்க்குக் கீழ சாமி கொட்டா இருக்கில்ல, அதுல உக்காந்து உனக்குப் பால் குடுத்துக்கிட்டிருந்தா."

"கஞ்சித் தண்ணியா?"

"மார்ல. பால் இருந்துச்சு அவளுக்கு."

பால் இருந்தது என்றால் அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்திருக்கிறது. மூட்டை தூக்கிக்கொண்டு தனியே நடக்கிறாள் என்றால் அந்தப் பிள்ளை இல்லை.

"நாங்க நாலு ஆம்பளைங்க," என்றான் யாசுகே. "உன் பிள்ள எங்கம்மான்னு ஒருத்தன் கேக்கல. கேக்கணும்னு தோணவே இல்ல. பிள்ளையக் குடுன்னுதான் கத்தினோம். அவ குடுக்கல. பால் முடியட்டும்னா. அதுக்குள்ள உங்கப்பா மூச்சிரைக்க வந்து சேந்தாரு. தரையில மண்டி போட்டு, வழக்கத்த எடுத்துச் சொன்னாரு. கண்டம், நாப்பத்திரெண்டு, எல்லாத்தையும். அவ கேட்டுக்கிட்டே இருந்தா. எங்க ஊர்ல பிள்ளைய எறியற வழக்கம் கிடையாதுன்னா. சும்மா வெளயாட்டுக்குத்தாம்மான்னாரு உங்கப்பா. வெளயாட்டுக்கும் கிடையாதுன்னா."

"அப்புறம்?"

"அப்புறம் உங்கப்பாவுக்கு இன்னொரு பயம். எடுத்தவதானே பேரு வெக்கணும்? ஓமாசு எடுக்கல, இவ எடுத்துட்டா. இவ பேரு வெக்காமப் போயிட்டா சடங்கு பாதில நின்னுரும், பிள்ள தங்காது. அதனால கையெடுத்துக் கும்பிட்டு, ஒரு பேரு மட்டும் சொல்லிட்டுப் போங்கன்னாரு. 'ஹிரோ'ன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்னு எடுத்தும் குடுத்தாரு. அவ உன் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தா. எவ்வளவு நேரம்னு தெரியல. எங்களுக்கே சங்கடமாப் போச்சு."

யாசுகேயின் குரல் இறங்கியிருந்தது. ஏணியில் இருந்து கத்திய ஆள் இவன் இல்லை.

"ஸுதேன்னு வைங்கன்னா. உங்கப்பா பதறிப்போயி, அது வேணாம்மா, நல்ல பேரா ஒண்ணு சொல்லுன்னாரு. அதான் பேருன்னா. 'இவளக் கூப்பிடறப்பல்லாம் நீங்க செஞ்சது உங்க காதுல விழணும். அப்பத்தான் மறுபடியும் இவளக் கீழ வெக்க உங்களுக்குக் கை வராது'ன்னா. அப்படியே சொன்னா. எனக்கு இன்னிக்கும் காதுல இருக்கு."

மேலே எங்கோ குயில் ஒன்று கூவிவிட்டு நிறுத்தியது. ஸுதே தன் இரு கைகளையும் மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"உன்ன உங்கப்பா கையில குடுத்துட்டு, மூட்டையத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. நாங்களும் திரும்பிட்டோம். கொஞ்ச தூரம் வந்ததும் பின்னால ஓடிவர்ற சத்தம். அவதான். ஐயோ மனசு மாறிட்டாளேன்னு உங்கப்பா உன்ன இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு. அவ சொன்னா, ஒரு பக்கந்தான் குடிச்சிருக்கா, இன்னொரு பக்கமும் குடுத்துட்டுப் போறேன்னு. நடு ரோட்டுல உக்காந்தா. நாங்க எல்லாரும் திரும்பி நின்னுக்கிட்டோம். குடுத்துட்டு, வாயத் தொடச்சுவிட்டு, போயிட்டா. மறு வருஷம் வரல. அதுக்கப்புறமும் வரல."

ஸுதே அழுதாள். அடக்கிப் பார்க்கவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து, சத்தம் போட்டு அழுதாள். யாசுகே தன் கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினான். அதில் பூச்சிமருந்து வாடை அடித்தது. அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப இது அவ வெச்ச பேரா?"

"அவ வெச்சதுதான்."

"அப்பா என்னைய ஒரு நாளும் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல, அண்ணே."

"எப்படிக் கூப்பிடுவாரு, பாவம்? மாத்தி வெக்கவும் பயம், கூப்பிடவும் பயம். பதிவு பண்ணப் போனப்ப ஆபீஸ்காரனே, ஏன்யா இப்படிப் பேருன்னு கேட்டானாம். வீட்டுக்கு வந்து கொல்லப்பக்கம் போயி உக்காந்துக்கிட்டாருன்னு உங்கம்மா சொல்லுவா."

அவளுக்கு யாசுகேமேல் ஒரு கணம் கொதித்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் இதை மென்று விழுங்கிவிட்டு, முறத்தைக் கூட்டுகிற கூத்தை மட்டும் ஆடிக்காட்டிக்கொண்டிருந்தானே. என் கல்யாணத்தில்கூட. சொல்லியிருந்தால் நான் அப்போதே கடற்கரைக்குப் போயிருப்பேனே, அவள் அப்போது உயிரோடாவது இருந்திருப்பாளே. இதையெல்லாம் சொல்ல வாயைத் திறந்தாள். எதிரில் ஒரு கிழவன், கையில் தின்னாத இனிப்போடு, ஏச்சு வாங்கத் தயாராக உட்கார்ந்திருந்தான்.

"அத மொதல்ல தின்னுங்க," என்றாள். "எறும்பு வருது."

பேருந்துக்குப் போகும் வழியில் நாற்சந்தி வந்தது. இப்போது அங்கே ஒரு குளிர்பான இயந்திரமும் வளைவுக் கண்ணாடியும் நிற்கின்றன. கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். தேடிப்போன பெயர் கிடைத்துவிட்டது. பிறந்ததிலிருந்து அவளிடமே இருந்திருக்கிறது. ஆனால் ஏக்கம் தீரும் என்று நினைத்தது தீரவில்லை. முன்பாவது முகம் தெரியாத ஒருத்திமேல் இருந்த ஏக்கம். இப்போது அந்த ஒருத்தி ஓடி வருகிறாள், நடு ரோட்டில் உட்காருகிறாள், வாயைத் துடைத்துவிடுகிறாள். இவளுக்குக் கோபமாகவும் ஆசையாகவும் பெயர் வைத்தவள், அந்தப் பெயரை ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறாள். அதுவும் அடுத்தவர்களிடம். இவளைப் பார்த்துக் கூப்பிட அவளுக்கு வாய்ப்பே வரவில்லை. இவளுக்கும் பதில் சொல்ல வாய்ப்பு வரவில்லை.

அடுத்த நாள் காலை தாமோட்சுவின் பட்டறைக்குப் போனாள். கோஸோவின் கல் படுக்கை வாட்டில் கிடந்தது. அவன் பெயர் வெட்டியாகிவிட்டது. பக்கத்து இடம் மழமழவென்று வெறுமையாக இருந்தது.

"வாங்கக்கா. பேரு கேட்டுட்டீங்களா?"

"கேட்டுட்டேன்."

"சொல்லுங்க."

"ஸுதே."

தாமோட்சு பென்சிலைக் காதிலிருந்து எடுத்தவன் அப்படியே நின்றான். "இதுக்கா மலைக்குப் போயிட்டு வந்தீங்க? நான் அன்னிக்கே இதத்தான சொன்னேன்!"

"நீ சொன்னது வேற. வெட்டு. மாமாவோடத விட ஆழமா வெட்டு. மை நல்லா ஊத்து."

"மாமா கோவிச்சுக்குவாரு."

"ஏய்னு கூப்பிடட்டும், அப்புறம் பேசிக்கறேன்."

தாமோட்சு சிரித்துக்கொண்டே காகிதத்தில் எழுத்தை வரைந்து, கல்லின்மேல் வைத்துப் பார்த்தான். உளி வைக்கிறதற்கு முன்னால் பெயரை ஒரு தடவை சத்தமாகப் படிப்பது அவன் அப்பா காலத்திலிருந்து பட்டறைப் பழக்கம். கல்லில் பிழை வந்தால் அழிக்க முடியாது.

"நெஸு ஸுதே. சரியா?"

"குடும்பப் பேர விடு. வெறும் பேர மட்டும் சொல்லு."

"ஸுதே-சான்."

"அந்த மரியாதையும் வேணாம். சும்மா கூப்பிடு. பக்கத்துல இல்லாத பிள்ளையக் கூப்பிடற மாதிரி."

தாமோட்சுவுக்குக் காது சிவந்துவிட்டது. மூத்த பெண்ணை மொட்டையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அந்த ஊரில் கன்னத்தில் அறைவதற்குச் சமம். "என்னக்கா இது? எங்கம்மா கேட்டா செருப்பால அடிப்பா."

"ஒரே ஒரு தடவ, தாமோட்சு."

அவள் அவனைப் பார்க்கவில்லை. பட்டறை வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தாள். வாசலுக்கு வெளியே சாலை ஆற்றோடு சேர்ந்து இறங்கி, வடக்கே கடலுக்குப் போகிறது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

தாமோட்சு உளியைக் கீழே வைத்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டான்.

"ஸுதே!"

"என்னம்மா?" என்றாள் ஸுதே.